உடைந்த சோக் நட்டு: ஒட்டுவதா, கடைவதா, புதிது வாங்குவதா?

பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள பைக்கில், குளிர்ந்த என்ஜினைக் கிளப்ப உதவும் சோக் திடீரென்று வேலை செய்யவில்லை என்றால், கேபிள் அறுந்துவிட்டது என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். குனிந்து பார்த்தால் கேபிள் முழுதாகவே இருக்கும். அது கார்புரேட்டருக்குள் நுழையும் இடத்தில் உள்ள கறுப்பு பிளாஸ்டிக் நட்டுதான் கழுத்தோடு ஒடிந்திருக்கும். தலைப்பகுதி கேபிளில் தொங்கும். திருகி ஏற்றும் மரைப்பகுதி கார்புரேட்டருக்குள்ளேயே சிக்கிக்கொண்டிருக்கும். விரல் நுனி அளவுள்ள இந்தப் பொருளுக்கு ஆளுக்கொரு வழி சொல்வார்கள். பசை போட்டு ஒட்டச் சொல்வார் ஒருவர். பித்தளையில் வாங்கிப் போடச் சொல்வார் இன்னொருவர். லேத்தில் கடைந்துகொள், பழைய கார்புரேட்டரிலிருந்து கழற்றிப் போடு, கார்புரேட்டரையே மாற்றிவிடு என்றெல்லாம் யோசனைகள் வந்துகொண்டே இருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனியின் அதே பிளாஸ்டிக் நட்டு கடையில் கிடைக்கும்வரை வேறு எதுவும் தேவையில்லை. அது கிடைக்காதபோதுதான் மற்ற வழிகளுக்குள் போட்டி. அந்தப் போட்டியில் பித்தளையைவிட லேத்தில் கடைந்த பிளாஸ்டிக்குக்கே என் ஓட்டு. பசைக்கு வீடு போய்ச் சேரும்வரைதான் இடம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, அந்த நட்டு என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் சோக் என்பது காற்றுப் பாதையை மறைக்கும் ஒரு தகடு. ஹேண்டில்பாரில் லீவர் வைத்துக் கேபிளால் இழுக்கும் வண்டிகளில் பெரும்பாலும் அப்படி இல்லை. அங்கே கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒரு சிறு துளைக்குள் உலோகப் பிளஞ்சர் ஒன்று நிற்கும். அதன் அடியில் ரப்பர் வட்டு, மேலே ஒரு ஸ்பிரிங். லீவரை இழுத்தால் பிளஞ்சர் மேலேறி, காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைச் சுற்றிக்கொண்டு போகும் தனிப்பாதை திறக்கும். பெட்ரோல் கூடுதலாகக் கலந்த காற்று என்ஜினுக்குப் போகும். லீவரை விட்டால் ஸ்பிரிங் பிளஞ்சரைக் கீழே தள்ளிப் பாதையை அடைக்கும். அந்த ஸ்பிரிங்கின் தலையைத் தாங்கிப் பிடிப்பது நம் நட்டுதான். எனவே வண்டி ஓடினாலும் நின்றாலும் அதன் கழுத்தை ஸ்பிரிங் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. சிலிண்டரின் சூடு பக்கத்திலேயே அடிக்கிறது. பல வருடச் சூட்டில் பிளாஸ்டிக் முறுகிப்போயிருக்கும் நிலையில், யாராவது குறடு வைத்து ஒரு திருகு கூடுதலாகத் திருகினால், மரை முடிந்து தலை தொடங்கும் இடத்தில் ஒடிந்துவிடும்.

ஒடிந்தபின் வரும் அறிகுறிகள் மெக்கானிக்கையே குழப்பக்கூடியவை. ஸ்பிரிங்குக்குப் பிடிமானம் இல்லாததால் பிளஞ்சர் மேலே எழும்பும், பெட்ரோல் அதிகமாகப் போகும், பிளக் கரி படியும், மைலேஜ் விழும். அதே சமயம் உடைந்த இடைவெளி வழியே வெளிக்காற்றும் உள்ளே போகும். ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது என்ஜின் ஓடும் வேகம் (ஐடிலிங்) ஏறி இறங்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் பலர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து காற்று, பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைத் திருப்ப ஆரம்பித்துவிடுகிறார்கள். அதைத் தொடுவதற்கு முன் ரப்பர் மூடியை விலக்கி இந்த நட்டை ஒருமுறை பாருங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் உள்ளே சிக்கிய துண்டை முதலில் வெளியே எடுத்தாக வேண்டும். இதில் அவசரப்பட்டுத்தான் பல கார்புரேட்டர்கள் வீணாகின்றன. டிரில் போடாதீர்கள், பிளாஸ்டிக்கைத் தாண்டி மென்மையான உலோக மரையைக் கடித்துவிடும், தூளும் பாதைக்குள் விழும். கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலை முழுவதும் வடித்து, நன்றாகக் காயவிடுங்கள். பிளஞ்சரும் ஸ்பிரிங்கும் தனியே வந்துவிட்டனவா என்று உறுதி செய்யுங்கள். பிறகு சிக்கிய துண்டின் நடுவிலுள்ள துளையின் அகலத்தைவிடச் சற்றே பெரிய பழைய தட்டை ஸ்க்ரூடிரைவரின் நுனியை வேறு இடத்தில் சூடாக்கி, பிளாஸ்டிக் துண்டின் மேல் வைத்து மெல்ல அழுத்துங்கள். அது இளகி ஒரு காடி விழும். அப்படியே அசைக்காமல் ஆறவிட்டு, இடப்பக்கமாகத் திருப்பினால் துண்டு மரையோடு சுழன்று வெளியே வந்துவிடும். பெட்ரோல் வாடை துளியாவது இருந்தால் சூடான எதையும் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது.

இனிப் போட்டியாளர்களைப் பார்ப்போம். முதலில் பசை. இந்த வகை நட்டுகள் பெரும்பாலும் அசிட்டால் அல்லது நைலான் என்னும் பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகின்றன. அசிட்டால் இயல்பிலேயே வழுக்கும் பொருள். அதனால்தான் பல்சக்கரங்களும் புஷ்களும் அதில் செய்கிறார்கள். வழுக்கும் பொருளில் பசை பிடிக்காது. ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை ஒட்டியதுபோல் காட்டும். சூடு ஏறினால் பிடி தளரும், அதிர்வில் விட்டுவிடும். அரால்டைட் போன்ற எபாக்சி பெட்ரோலை ஓரளவு தாங்கும் என்றாலும் அதற்கும் இந்தப் பரப்பில் பிடிமானம் குறைவுதான். தவிர, ஒட்டவேண்டிய இடமோ குழாய்போன்ற மெல்லிய வட்டம். அதை ஸ்பிரிங் நேராக இழுத்துப் பிரிக்கப் பார்க்கிறது. வழிந்த பசை மரைக்குள் இறங்கினால் அடுத்தமுறை கழற்றவே முடியாது. உதிர்ந்த துணுக்கு பாதைக்குள் விழுந்தால் கதை வேறு. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பசைகளுக்கு அதுவும் நல்ல செய்தி அல்ல.

சாலடரிங் அயர்ன் வைத்து உருக்கி இணைப்பவர்கள் உண்டு. நைலான் நட்டாக இருந்து, கட்டும் கேபிள் டையையே நிரப்புப் பொருளாகப் பயன்படுத்தினால் பொறுமைசாலிகளுக்கு அது கைகூடும். கேபிள் டையும் நைலான்தான். ஆனால் அசிட்டாலை அதிகம் சூடாக்கினால் ஃபார்மால்டிஹைடு வாயு வரும். கண்ணும் மூக்கும் எரியும். முடி பொசுங்கும் வாடை வந்தால் நைலான். மூக்கைக் குத்தும் காரமான வாடை வந்தால் அப்போதே நிறுத்திவிடுங்கள்.

இங்கே ஒரு எல்லைக்கோடு போட வேண்டும். எல்லாப் பிளாஸ்டிக்கையும் ஒட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏர் ஃபில்டர் பெட்டியின் வெளி மூடி, கேபிளைத் தாங்கும் கிளிப் போன்றவற்றைத் தாராளமாக ஒட்டலாம். காற்றையோ பெட்ரோலையோ அடைத்து நிற்கும் பாகம் என்றால் ஒட்டாதீர்கள். இரட்டைக் கார்புரேட்டர்களுக்கு நடுவே பெட்ரோலைப் பிரிக்கும் டி வடிவப் பிளாஸ்டிக் இணைப்பை ஒட்டி ஓட்டுவது தீயோடு விளையாடுவது; அது கசிந்தால் சூடான என்ஜின் மேல்தான் கசியும். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையும் அப்படித்தான். விரிசல் விட்ட பிளாஸ்டிக் மிதவையை வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும், ஒட்டிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். ஆனால் ஒட்டிய பசையின் எடையால் மிதவை தாழ்ந்து நிற்கும்; கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் உயரும்; பெட்ரோல் பாயும் சிறு துளையுள்ள ஜெட் எதை மாற்றினாலும் சரிவராது. மிதவைக்குப் புதிது ஒன்றே வழி, அதில் விவாதமே இல்லை.

இப்போது உண்மையான போட்டி: பிளாஸ்டிக்கா, பித்தளையா? பித்தளை நட்டு பார்க்க அழகாக இருக்கும்; முறுகாது, ஒடியாது. “பிளாஸ்டிக்கைப் போட்டுக் கம்பெனிக்காரன் காசை மிச்சப்படுத்திவிட்டான், நான் பித்தளை போட்டுச் சரிசெய்துவிட்டேன்” என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விலை ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பிளாஸ்டிக் செய்யும் ஒரு பெரிய நன்மை அந்தப் பெருமையில் மறைந்துபோகிறது. கார்புரேட்டர் உடல் வார்ப்பு உலோகம். துத்தநாகமோ அலுமினியமோ சேர்ந்த மென்மையான கலவை. சோக் துளையின் மரை நெருக்கமானது, ஆழமும் அதிகம் இல்லை. பிளாஸ்டிக் நட்டைக் கோணலாக ஏற்றினாலும் அளவுக்குமீறி இறுக்கினாலும் நட்டுதான் சேதமாகும். பித்தளையை அப்படிச் செய்தால் உடலின் மரை போய்விடும். வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் ஃபியூஸ் எதற்கோ அதற்குத்தான் இங்கே பிளாஸ்டிக். ஒடிய வேண்டிய இடத்தில் மலிவான பொருளை வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் மழையும் படும் இடத்தில் பித்தளையும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் மெல்ல அரிபடும். சில வருடங்களில் நட்டு கழற்ற வராமல் பிடித்துக்கொள்ளும். ஜெட்டுகளும் பித்தளைதானே என்று கேட்கலாம். அவை உள்ளே பெட்ரோலில் இருப்பவை. மழை அவற்றைத் தொடுவதில்லை. ஆகவே பித்தளைதான் கிடைக்கிறது என்றால் வாங்குங்கள், ஆனால் மரையில் லேசாக கிரீஸ் தடவி, விரலால் மட்டும் ஏற்றி, கடைசியில் ஸ்பேனரால் ஒரு சிறு தொடுதல் போதும் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். நிறம் பூசிய அலுமினிய நட்டுகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். அலுமினிய மரையில் அலுமினியம் ஏறினால் உரசிக் கடித்துக்கொள்ளும்.

ஒரிஜினல் பிளாஸ்டிக்கின் குறை, அது எளிதில் கிடைக்காததுதான். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ் 6 புகை மாசு விதிகள் வந்தபின் புதிய வண்டிகள் பெரும்பாலும் கார்புரேட்டரை விட்டு ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. 1985-இல் ஜப்பானின் மிக்குனியோடு இணைந்து தொடங்கி, சென்னையை அடுத்த மறைமலை நகரில் ஆலை வைத்திருக்கும் யூகால் போன்ற நிறுவனங்களின் கார்புரேட்டர்கள் இன்னும் நம் சாலைகளில் ஏராளமாக ஓடுகின்றன, உதிரிகளும் வருகின்றன. ஆனால் பல மாடல்களுக்கு இந்த நட்டு தனியாகக் கிடைக்காது. சோக் கேபிளோடு சேர்த்துத்தான் தருவார்கள். அப்படியானால் கேபிளையே வாங்கிவிடுங்கள். நட்டு முறுகும் வயதில் கேபிளின் உள்கம்பியும் துருப்பிடித்திருக்கும். டூப்ளிகேட் நட்டு வாங்குவதாக இருந்தால் கடையிலேயே பழைய துண்டை அருகில் வைத்து மரையின் நெருக்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மரைகளையும் முகத்துக்கு முகம் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளி தெரியக்கூடாது.

சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் கழித்துப்போட்ட கார்புரேட்டர் ஒன்றை வாங்கி, அதிலிருந்து எடுப்பதும் ஒரு வழி. நட்டுக்காக மட்டும் இதைச் செய்யாதீர்கள். அந்த நட்டும் உங்களுடையதைப் போலவே பல வருடம் சூடு தின்றதுதான். பிளஞ்சர், ஸ்பிரிங், வாக்குவம் மூடி, கிண்ணத்தின் திருகுகள் எல்லாம் சேர்ந்து கிடைக்கின்றன என்றால் அது நல்ல வியாபாரம்.

உற்பத்தி நின்று பல வருடமான வண்டிகளுக்கு லேத்தான் கதி. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதில் கவலையே இல்லை. கணபதிப் பக்கம் போனால் கேட்டதைக் கடைந்து தரும் பட்டறைகள் உண்டு. டெல்ரின் கம்பி என்று கேளுங்கள். அதுவும் அசிட்டால்தான், பெட்ரோலும் சூடும் தாங்கும். உடைந்த இரண்டு துண்டுகள், கேபிள், ஸ்பிரிங், பிளஞ்சர், முடிந்தால் கார்புரேட்டர் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். மரையை மட்டும் அளந்தால் போதாது. உள்ளே ஸ்பிரிங் உட்காரும் படியின் ஆழத்தை வெர்னியரில் அளக்கச் சொல்லுங்கள். அந்தப் படி அதிக ஆழமாகிவிட்டால் ஸ்பிரிங் தளர்ந்து, பிளஞ்சர் சரியாக அமராது. இன்னொரு வேண்டுகோளையும் வையுங்கள்: மரை முடிந்து தலை தொடங்கும் மூலையைக் கூராக வெட்டாமல் சற்றே வளைவாக விடச் சொல்லுங்கள். பழையது ஒடிந்ததே அந்தக் கூர் மூலையில்தான். ஒன்று கடைந்தாலும் ஐந்து கடைந்தாலும் லேத்தை அமைக்கும் செட்டிங் வேலை ஒன்றுதான். கூலிதான் பெரிது, கம்பியின் விலை சொற்பம். ஒரே மாடல் வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் சேர்ந்து செய்துகொண்டால் ஆளுக்குக் கொஞ்சமே ஆகும்.

3டி பிரிண்டிங் இந்த வேலைக்கு இன்னும் பொருந்தவில்லை. எளிதாகக் கிடைக்கும் பி.எல்.ஏ சுமார் 60 டிகிரியிலேயே இளகிவிடும். வெயிலில் ஓட்டி நிறுத்திய வண்டியில் என்ஜின் பக்கம் அது சாதாரணச் சூடு. ஏ.பி.எஸ் பெட்ரோலில் உப்பும். நைலானில் எடுத்தாலும் அடுக்கடுக்காகப் படிந்த பொருள் அடுக்குவாக்கில்தான் பிளக்கும். நம் நட்டின் கழுத்தும் அதே வாக்கில்தான் இழுபடுகிறது.

கார்புரேட்டரையே மாற்றச் சொல்லும் யோசனைதான் எனக்குக் கோபம் வரவழைப்பது. கேபிள் விலையில் முடியும் வேலைக்கு, உங்கள் என்ஜினுக்கென்றே ஜெட் அளவு பார்த்து அமைத்த கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, எந்த ஜெட் இருக்கிறதென்றே தெரியாத மலிவுக் கார்புரேட்டரைப் பூட்டுவதில் என்ன நியாயம்? துளையின் மரை முற்றிலும் போயிருந்தாலும்கூட, நல்ல லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கிப் புஷ் (உலோக வளையம்) இறக்கி உள்மரை வெட்டித் தரமுடியும். த்ராட்டிலாக மேலும் கீழும் நகரும் ஸ்லைடும் அதன் வழித்தடமும் தேய்ந்து லொடலொடவென்று ஆடினால்தான் முழு மாற்றத்துக்குப் பொருள் உண்டு.

பாகம் வந்துசேரும்வரை வண்டி ஓட வேண்டுமானால், கேபிளைக் கழற்றிவிட்டு, பிளஞ்சரையும் ஸ்பிரிங்கையும் துளைக்குள் வைத்து, அதே மரையுள்ள போல்ட்டால் மூடுங்கள், பாதை அடைபட்டுவிடும். சென்னை வெயிலில் சோக் இல்லாமலே ஓரிரு உதையில் வண்டி கிளம்பிவிடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மார்கழிக் காலையில் அது நடக்காது. அங்கே இருப்பவர்கள் உடனே பாகம் தேடுவதே நல்லது.

புதியது எதுவானாலும் விரலால் முழுதும் ஏற்றியபின் லீவரைத் தளர்த்தி, கேபிளில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தொய்வு இருக்கிறதா என்று பாருங்கள். என்ஜின் சூடானபின் ஐடிலிங்கில் விட்டு ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். அப்போது என்ஜின் சத்தம் மாறினால் கேபிள் எங்கோ இழுபட்டு பிளஞ்சரைத் தூக்குகிறது. அது போகும் தடத்தைச் சரிசெய்த பிறகே ரப்பர் மூடியைப் போடுங்கள்.