ஏழு வயதில் டேக்கிளா, ஒன்பதாம் வகுப்பில் டேக்கிளா?

டெக்சாஸ் மாநிலத்து டாலஸுக்கு வடக்கே உள்ள புறநகர் ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசித்து வருகிறோம். இந்தப் பக்கத்தில் இலையுதிர்காலத்து வெள்ளிக்கிழமை மாலை என்றால் உயர்நிலைப் பள்ளிகளின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம்தான். ஆலன் நகரத்து உயர்நிலைப் பள்ளிக்காக 2012-இல் திறக்கப்பட்ட மைதானத்துக்கு ஏறத்தாழ 6 கோடி டாலர் செலவானது, அதில் 18,000 பேர் அமரலாம் என்பதிலிருந்தே இந்த ஆட்டத்துக்கு இங்குள்ள இடம் புரியும். இப்படிப்பட்ட ஊரில் வளரும் பிள்ளை, தானும் ஹெல்மெட் அணிந்து ஆட வேண்டும் என்று கேட்பதில் வியப்பில்லை. எங்கள் மூத்த மகன் இரண்டாம் வகுப்பில் கேட்டான். நாங்கள் ஏழு ஆண்டுகள் காத்திருந்து, ஒன்பதாம் வகுப்பில்தான் அனுமதித்தோம். டேக்கிள், அதாவது பந்தை ஏந்தி ஓடுபவனை மோதி வீழ்த்தும் ஆட்டத்தில், அவனுடைய முதல் பருவம் சென்ற நவம்பரில் முடிந்தது. அதே கேள்வியோடு நிற்கும் பெற்றோருக்காக, எங்கள் முன் இருந்த வழிகளை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

வழிகள் மூன்று. முதலாவது, ஐந்து முதல் ஏழு வயதுக்குள் சிறுவர் டேக்கிள் அணியில் சேர்ப்பது. 1929-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய பாப் வார்னர் அமைப்பின் மிகச் சிறிய பிரிவு ஐந்து வயதிலேயே பிள்ளைகளை ஏற்கிறது. இரண்டாவது, ஆறாம் வகுப்பு முடியும்வரை ஃபிளாக் ஃபுட்பால் ஆடவிட்டு, டெக்சாஸ் பள்ளிகளில் டேக்கிள் தொடங்கும் ஏழாம் வகுப்பில் சேர்ப்பது. மூன்றாவது, ஒன்பதாம் வகுப்புவரை, அதாவது பதினான்கு வயதுவரை, ஃபிளாக் மட்டுமே ஆடவிடுவது. ஃபிளாக் ஆட்டத்தில் பந்தை ஏந்தி ஓடுபவனை மோதி வீழ்த்துவதில்லை. அவன் இடுப்புப் பட்டையில் தொங்கும் நாடாவை உருவினால் ஆட்டம் அங்கேயே நிற்கும். எங்கள் மகன் எட்டு வயதில் முதன்முறையாக ஒரு நாடாவை உருவியபோது எழுந்த ‘டப்’ என்ற ஓசையும், அதைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவன் நடுவரைத் தேடி ஓடியதும் இன்றும் எனக்கு நினைவில் இருக்கின்றன.

உடற்பயிற்சி, கட்டுப்பாடு, தோழமை ஆகியவை மூன்று வழிகளிலும் கிடைக்கும். ஃபிளாக் ஆட்டத்துக்குச் செலவு குறைவு, டேக்கிளுக்குக் கூடுதல். கை கால் எலும்பு முறிவு எந்த விளையாட்டிலும் நேரலாம், பெரும்பாலும் எலும்பு மீண்டும் ஒட்டிக்கொள்ளும். இவற்றை வைத்து எங்களால் முடிவெடுக்க முடியவில்லை.

சிறு வயதிலேயே தொடங்க வேண்டும் என்பவர்களின் வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. உடல் சிறிதாகவும் வேகம் குறைவாகவும் இருக்கும்போதே, தலையை விலக்கித் தோளால் அணைத்து வீழ்த்தும் முறையைக் கற்றுவிட்டால், பின்னாளில் எண்பது கிலோ எடையுள்ள இளைஞன் எதிரே ஓடிவரும்போது தடுமாற மாட்டான் என்கிறார்கள். பாப் வார்னர் அணிகளில் வயதோடு எடையும் பார்த்துப் பிரிப்பது வழக்கம். ஏழாம் வகுப்புப் பள்ளி அணியிலோ, பருவ வளர்ச்சி தொடங்காத முப்பத்தைந்து கிலோ சிறுவனும் மீசை அரும்பிய எழுபது கிலோ சிறுவனும் ஒரே களத்தில் நிற்பதைப் பார்க்கலாம். மேலும், அந்த அமைப்பு 2012 முதல் பயிற்சியில் மோதலுக்கான நேரத்தைக் கட்டுப்படுத்தியது. 2016-இல், இரு அணிகளும் எதிரெதிரே முழுவேகத்தில் ஓடிவர நேரும் கிக்ஆஃப் என்ற தொடக்க உதையை இளைய பிரிவுகளில் நீக்கியது. 2019-இல் கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து தலை முன்னே பாயும் நிலையையும் இளைய பிரிவுகளில் தடைசெய்தது. இவை உண்மையான முன்னேற்றங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்பிருந்த சிறுவர் டேக்கிளும் இன்றைய சிறுவர் டேக்கிளும் ஒன்றல்ல.

ஆனாலும் நாங்கள் அந்த வழியில் போகாததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: எண்ணிக்கை.

மகன் கேட்ட அந்த ஆகஸ்டு மாதத்தில், சேர்ப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நானும் மனைவியும் ஓர் அணியின் மாலைப் பயிற்சிக்குப் போயிருந்தோம். ஏழெட்டு வயதுச் சிறுவர்கள். ஹெல்மெட்டின் கனத்தில் கழுத்து ஆடிக்கொண்டே இருந்தது. எதிரெதிரே இருவராக நிறுத்தி, விசில் ஊதியதும் மோதவிட்டார்கள். நான் யார் விழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் அடிபடவில்லை, யாரும் அழவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. மனைவி மட்டும் வரிசையின் கடைசியில் நின்ற ஒரு பையனையே கவனித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், “இருபது நிமிஷத்துல அந்தப் பையன் தலை பதினோரு தடவை இடிச்சுதுங்க. இதையெல்லாம் யாராவது எண்ணுறாங்களா?” என்று கேட்டாள். அதுவரை நான் கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சியைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தேன். மயங்கி விழுந்தால்தான் ஆபத்து என்று எண்ணியிருந்தேன். எந்த அறிகுறியும் காட்டாத சிறு சிறு இடிகளின் கூட்டுத்தொகையே உண்மையான கேள்வி என்பது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

பிற்பாடு அவளுடைய கேள்விக்கு விடை வந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், 6 முதல் 14 வயதுவரையான சிறுவர்களின் மவுத்கார்டில், அதாவது பல் காக்கும் உறையில், உணரிகளைப் பொருத்தி எண்ணினார்கள். ஒரு பருவத்தில் டேக்கிள் ஆடியவர்களின் தலை வாங்கிய இடிகளின் இடைநிலை எண் 378. ஃபிளாக் ஆடியவர்களுக்கு அது 8. இதைத் தோராயமாகப் பெருக்கிப் பார்த்தால் மூன்று வழிகளுக்கும் உள்ள தொலைவு தெரியும். இரண்டாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை ஏழு பருவங்கள் டேக்கிள் ஆடும் பிள்ளை, உயர்நிலைப் பள்ளியில் கால் வைப்பதற்கு முன்பே ஏறக்குறைய 2,650 இடிகளைக் கடந்திருப்பான். ஆறாம் வகுப்புவரை ஃபிளாக் ஆடி, ஏழிலும் எட்டிலும் மட்டும் டேக்கிள் ஆடியவனுக்கு 800. ஏழு பருவங்களும் ஃபிளாக் மட்டுமே ஆடியவனுக்கு 56.

இந்தக் கூட்டுத்தொகை ஏன் பொருட்படுத்தத்தக்கது என்பதற்கு, ஆட்டக்காரர்களின் மறைவுக்குப் பின் தானமாகப் பெறப்பட்ட மூளைகளை ஆராய்ந்த பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் முடிவுகளைச் சொல்ல வேண்டும். சி.டி.இ. என்பது திரும்பத் திரும்ப விழும் இடிகளால் பிற்காலத்தில் மூளையைச் சிதைக்கும் நோய். 2019-இல் 266 பேரின் மூளைகளை ஆராய்ந்தவர்கள், டேக்கிள் ஆடிய ஒவ்வோர் ஆண்டுக்கும் இந்நோய்க்கான வாய்ப்பு சுமார் 30 விழுக்காடு கூடுவதாகக் கண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், பன்னிரண்டு வயதுக்கு முன் தொடங்கியவர்களுக்கு நினைவாற்றல், மனநிலை சார்ந்த அறிகுறிகள் மற்றவர்களைவிடச் சராசரியாக 13 ஆண்டுகள் முந்தித் தோன்றியிருந்தன.

இதை வாசித்துவிட்டு உடனே அஞ்சிவிடவும் கூடாது. மூளையைத் தானம் செய்யும் குடும்பங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஏதோ கோளாற்றைக் கண்டவை. ஆகவே அந்த மூளைகள் எல்லா ஆட்டக்காரர்களையும் குறிக்கமாட்டா. அதே 2018 ஆய்வில், முன்கூட்டியே தொடங்கியதற்கும் நோயின் கடுமைக்கும் தொடர்பு காணப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1957-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி முடித்த ஆண்களை அறுபத்தைந்து வயதில் ஒப்பிட்டபோது, பள்ளியில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர்களின் சிந்தனைத் திறனும் மனநிலையும் ஆடாதவர்களைவிடத் தாழ்ந்திருக்கவில்லை. இந்த ஆய்வு எனக்கு ஆறுதல் தந்தது. ஆனால் அது ஆறுதல் தருவது உயர்நிலைப் பள்ளி ஆட்டத்தைப் பற்றி. ஏழு வயதில் தொடங்கியவர்களைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2015-இல் டேக்கிளைத் தடைசெய்யச் சொல்லவில்லை. மோதல் இல்லாத அணிகள் பெருக வேண்டும் என்றும், தலையால் முட்டுவதைச் சற்றும் பொறுக்கக் கூடாது என்றும்தான் கேட்டுக்கொண்டது.

சிறு பிள்ளையின் உடலமைப்பும் இந்தக் கணக்கில் சேர்கிறது. ஐந்து வயதுக்குள் தலை ஏறத்தாழ வளர்ந்த மனிதனின் அளவை எட்டிவிடுகிறது, கழுத்துத் தசையோ பல ஆண்டுகள் பின்தங்கி நிற்கிறது. அந்த மெல்லிய கழுத்தின்மேல் ஹெல்மெட்டையும் ஏற்றினால், நெஞ்சில் விழும் இடிகூடத் தலையை உலுக்கிவிடும். ஹெல்மெட் மண்டை ஓடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை அசைவதை அதனால் நிறுத்த முடியாது. ஊரில் கபடி ஆடி வளர்ந்த எனக்கு, “நாமும்தான் விழுந்து புரண்டோம்” என்ற எண்ணம் முதலில் இருந்தது. கபடியில் பிடிப்பதும் இழுப்பதும்தான் பெரும்பகுதி. இருவர் பத்து கஜம் ஓடிவந்து நேருக்கு நேர் மோதுவது அதில் இல்லை.

அடுத்து, தாமதமாகத் தொடங்கினால் பிள்ளை பின்தங்கிவிடுவானா என்ற அச்சம். தொழில்முறை ஆட்டத்தில் பெரும்புகழ் பெற்ற பீட்டன் மேனிங், ஈலை மேனிங் சகோதரர்களைத் தந்தை ஆர்ச்சி ஏழாம் வகுப்புக்கு முன் டேக்கிள் ஆடவிடவில்லை. அதே போலப் புகழ்பெற்ற டாம் பிரேடி தொடங்கியது ஒன்பதாம் வகுப்பில். இந்த மூன்று மாமேதைகளின் வரலாற்றை வைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் விதி வகுக்க முடியாதுதான், ஆனால் ஏழு வயதில் தொடங்காவிட்டால் எல்லாம் போயிற்று என்ற பேச்சுக்கு அவை தக்க மறுப்பு. பனி ஹாக்கியின் அனுபவம் இன்னும் பயனுள்ளது. அமெரிக்க ஹாக்கி அமைப்பு 2011-இல், உடலால் மோதுவதைப் பதின்மூன்று வயதுப் பிரிவுக்குத் தள்ளிவைத்தது. ‘சிறு வயதில் கற்காதவர்கள் பெரிய வயதில் அதிகம் அடிபடுவார்கள்’ என்ற எதிர்ப்பு அங்கும் எழுந்தது. கனடாவில் அதைச் சோதித்தபோது, முன்பே மோதிப் பழகியவர்களுக்கும் பழகாதவர்களுக்கும் மொத்தக் காயங்களிலோ கன்கஷனிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நீண்ட நாள் ஓய்வு தேவைப்படும் காயங்கள் மட்டும் பழகியவர்களுக்குக் குறைவாக இருந்தன. இந்தக் கடைசி வரியை நான் மறைக்க விரும்பவில்லை, தாமதிப்பவர்கள் கொடுக்கும் விலை அது.

ஃபிளாக் ஆட்டத்தில் கற்றதில் பெரும்பகுதி எங்கள் மகனுக்கு வீணாகவில்லை. அவன் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர். எந்தத் தடத்தில் ஓடுவது, எங்கே திரும்புவது, தடுப்பவனின் இடுப்பைப் பார்த்து அவன் போக்கை எப்படி அறிவது ஆகிய எல்லாமே அங்கே கற்றவை. கோடையில் இங்கு நடக்கும், அணிக்கு எழுவராக மோதி வீழ்த்தாமல் ஆடும் செவன்-ஆன்-செவன் ஆட்டங்களும் துணை நின்றன. ஒன்பதாம் வகுப்பில் அவனுக்குப் புதிதாக இருந்தது மோதல் மட்டுமே. முதல் மூன்று வாரங்கள், உருட்டிவிடப்பட்ட பெரிய பஞ்சு வளையத்தைத் துரத்திப் போய், கன்னத்தை வளையத்தின் பின்பக்கம் வைத்து, தோளால் அணைத்து உருளப் பழக்கினார் கோச். மனிதன்மேல் பழகியது அதன் பிறகுதான். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு “தலையை எங்கே வைத்தாய்?” என்று கேட்டால் விளங்குகிறது, பதில் சொல்கிறான். ஏழு வயதுப் பிள்ளையிடம் அந்த உரையாடலே நடக்காது. தனக்குத் தலை சுற்றுகிறது என்பதைத் தானே உணர்ந்து வெளியே வந்து சொல்லவும் அந்த முதிர்ச்சி வேண்டும்.

இரண்டாவது வழிக்கும் மூன்றாவதற்கும் இடையே தேர்ந்தெடுப்பதுதான் எங்களுக்குக் கடினமாக இருந்தது. ஏழாம் வகுப்பில் சேராவிட்டால் தோழர்களின் அணியிலிருந்து இரண்டு ஆண்டுகள் விலகி நிற்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளும் மகன் எங்கள்மேல் கோபமாகவே இருந்தான், சில வெள்ளிக்கிழமைகளில் மைதானத்துக்கு வரவே மறுத்தான். அந்த வருத்தத்தைச் சிறியதென்று சொல்ல மாட்டேன். உடல் அளவுகள் மிகவும் ஏறுமாறாக இருக்கும் வயது என்பதும், 700-க்கு மேற்பட்ட இடிகளைத் தவிர்க்கலாம் என்பதும்தான் எங்களைத் தாங்கிப் பிடித்தன. ஏழாம் வகுப்பில் சேர்க்கும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களும் ஐந்து பருவங்களின் இடிகளைத் தவிர்த்தவர்களே.

என் அனுபவம் ஒரே ஒரு பருவம். மகன் ஒன்பதாம் வகுப்பின் இரண்டாம் அணியில் ஆடினான், தோளில் ஒரு கன்றலைத் தவிர வேறு காயமில்லை. பள்ளியின் முதன்மை அணிக்கு அவன் எட்டுவானா என்பதை இப்போது சொல்ல இயலாது. இனி ஆடப்போகும் பருவங்களிலும் இடிகள் சேரத்தான் செய்யும், காத்திருந்ததால் ஆபத்து அகன்றுவிடவில்லை.

எங்கள் இளைய மகனுக்கு ஒன்பது வயது, வயதுக்கு மீறிய உடல்வாகு. அவனைப் பார்க்கும் பயிற்சியாளர்கள் எல்லோரும் முன்வரிசைக்கு ஏற்றவன் என்கிறார்கள். ஃபிளாக் ஆட்டம் ரிசீவருக்குக் கற்றுத்தரும் அளவுக்கு முன்வரிசைக்காரனுக்குக் கற்றுத்தராது என்பதால், “இவனையாவது இப்போதே சேருங்கள்” என்று சென்ற மாதம் ஓர் அணியிலிருந்து கேட்டார்கள். முன்வரிசைக்காரன் பந்து நகரத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் எதிராளியோடு மோதுபவன், களத்தில் மிக அதிக இடிகளை வாங்குபவர்களில் ஒருவன். இளையவனையும் ஒன்பதாம் வகுப்பில்தான் டேக்கிளுக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டோம். வருகிற பருவத்துக்கு ஃபிளாக் அணியில் பதிவு செய்திருக்கிறோம். மாலையில் வீட்டுப் புல்வெளியில் அண்ணன் அவனுக்கு நாடா உருவக் கற்றுக்கொடுக்கிறான்.