பூனைக்கு இலவசம் என்றார்கள்: உண்ணி வண்டியில் போன 6,400 ரூபாய்

இன்று காலை எங்கள் நாய் மணியின் காது மடலைப் புரட்டிப் பார்த்தேன். மூன்று உண்ணி. ஒன்று மிளகு அளவு. மற்ற இரண்டும் ரத்தம் குடித்து உப்பி, சாம்பல் நிறத்தில் ஆமணக்குக் கொட்டை மாதிரி தொங்கின. "மூணு மாசத்துக்கு ஒரு உண்ணி ஏறாது, கேரண்டி" என்று சொல்லிப் போய் இன்றோடு பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. அந்தக் கேரண்டிக்கு நான் கொடுத்தது 6,400 ரூபாய்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. வாசலுக்கே வந்து நாயைக் குளிப்பாட்டி விட்டுப் போகும் வண்டிகள் சென்னையில் இப்போது நிறைய ஓடுகின்றன. உள்ளே தொட்டி, வெந்நீர், டிரையர் எல்லாம் இருக்கும். வெளியே நாக்கைத் தொங்கவிட்டுச் சிரிக்கும் நாய் படம். அதில் ஒரு வண்டிதான் அந்தக் கேரண்டி கொடுத்தது.

நாங்கள் இருப்பது மேடவாக்கம் பக்கம், தரைத்தள வீடு, பக்கத்தில் புதர் மண்டிய காலி மனை. மணி நாட்டு நாய், 18 கிலோ. சின்னு பூனை, மூன்றரை கிலோ. இரண்டும் ஒரே பாயில் படுப்பவை. மழை விட்டதிலிருந்து மணிமேல் உண்ணி, சின்னுமேல் தெள்ளுப்பூச்சி. ஹால் சுவரில் உண்ணி ஊர்ந்து மேலே ஏறுவதைப் பார்த்த அன்று அம்மா, "நாயா நானா, முடிவு பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டார். அந்த அவசரத்தில்தான் போன் போட்டேன். குளியல், உண்ணி பொறுக்குதல், கழுத்தில் சொட்டு மருந்து, வீடு முழுக்க ஸ்பிரே, எல்லாம் சேர்த்து 6,400. "பூனை இருக்கா? அதுக்கு ஃப்ரீயா பண்ணித் தரோம் அக்கா."

நான் ஏமாந்த இடம் மருந்து இல்லை, மணிதான். மணி வெளி ஆளை விடாது. மின்சார ரீடிங் எடுக்க வந்தவர் பேண்ட்டைக் கிழித்த வரலாறு உண்டு. வந்த பையன் அதன் கண்ணை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, கையின் பின்புறத்தை நீட்டினான். மணி மோந்து பார்த்தது, அப்புறம் நக்கியது. நான் இத்தனை வருஷத்தில் பார்க்காத இடம், கால்விரல் இடுக்கு, அங்கிருந்து இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு பாட்டிலில் போட்டான். "விரலால நசுக்கக் கூடாதுக்கா" என்று பாடம் வேறு. சரியான பாடம்தான். விஷயமே தெரியாதவன் என்றால் இவ்வளவு கோபம் வராது. வேலை முடியும் முன்பே 6,400 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டேன். நாய் நம்பியது, நானும் நம்பினேன்.

நான் சமையலறையில் அவர்களுக்குத்தான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் சின்னுவின் பிடரியில் ஏதோ விட்டுக்கொண்டிருக்கிறான். என்ன மருந்து தம்பி என்று கேட்டேன். "அதே மருந்துதான் அக்கா. நாய்க்குப் போட்டதுல மிச்சம் இருந்துச்சு. பூனை சின்னதுதானே, நாலு சொட்டு போதும்." எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பெரியவர்களுக்கு ஒரு மாத்திரை, பிள்ளைக்கு அரை மாத்திரை என்று உடைத்துக் கொடுத்த வீட்டில் வளர்ந்தவள் நான்.

ராத்திரி ஒன்பது மணிக்குச் சின்னுவின் காது துடிக்க ஆரம்பித்தது. வாயில் எச்சில் ஒழுகியது. முதுகுத் தோல் அலை அலையாக ஓடியது. பத்து மணிக்கு நாலு காலும் வெட்டி வெட்டி இழுத்தன. அந்தப் பையனுக்கு ஏழு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. துணிக்கூடையில் போட்டு ஆட்டோ பிடித்து 24 மணி நேர கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் அம்மா தொட்டுப் பார்க்கும் முன்பே கேட்ட கேள்வி: "நாய்க்குப் போடற மருந்து எதாவது போட்டீங்களா?"

வீட்டில் இருந்த தம்பி குப்பைக்கூடையைக் கொட்டி, காலிக் குப்பியையும் அட்டையையும் படம் எடுத்து அனுப்பினான். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி. நாய்க்கு மட்டும் என்று எழுதி, பூனைப் படத்தின்மேல் குறுக்கே கோடு போட்டிருக்கிறது! பெர்மெத்ரினை நாயின் உடம்பு உடைத்து வெளியேற்றிவிடுமாம். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் போதாது, விஷம் உடம்பிலேயே தங்கி நரம்பைப் பிடித்துவிடும். இதற்கென்று முறிமருந்து கிடையாது. வலிப்பை ஊசியால் அடக்கி, பாத்திரம் கழுவும் திரவம் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, டிரிப்ஸ் ஏற்றிக் காத்திருப்பதுதான் வழி. இரண்டு ராத்திரி அங்கேயே வைத்திருந்தார்கள். பில் 9,350 ரூபாய். இலவசமாகச் செய்ததற்கு ஆன செலவு இது, அந்த 6,400 போக.

சின்னு பிழைத்துவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

மறுநாள் பையன் போனை எடுத்தான். "புது ஆள் வந்தா பூனை பயப்படும் அக்கா, ரெண்டு நாள்ல சரியாயிடும்." குப்பியின் படத்தை அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. உண்ணிக்கும் இவர்கள் டிக் என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு டிக்கும் என்னை விட்டபாடில்லை. அடுத்து ஆபீஸ் நம்பர். ஒரு பெண் நிதானமாகக் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க பேக்கேஜ்ல பூனையே இல்லையே மேடம். எங்க ஸ்டாஃப் பூனையைத் தொட்டிருக்க சான்ஸே இல்லை." இலவசமாகச் செய்தது எந்தக் கணக்கிலும் இல்லை, அதனால் நடக்கவே இல்லை! மேனேஜர் கூப்பிடுவார் என்றார். ஒன்பது நாளாக அவர் கூப்பிடவில்லை. இன்று காலை மூன்று உண்ணியின் படத்தையும் அனுப்பினேன். அதற்கு மட்டும் உடனே பதில் வந்தது. "இது காலி மனையில இருந்து வந்த உண்ணி மேடம். கேரண்டி வீட்டு உண்ணிக்கு மட்டும்தான்." பணம் போகும்வரை அக்கா, போன பிறகு மேடம்.

மணிக்குப் போட்டதாவது வேலை செய்ததா என்றால் அதுவும் இல்லை. தோலில் இருக்கும் எண்ணெயோடு சேர்ந்துதான் இந்த மாதிரிச் சொட்டு மருந்து உடம்பெங்கும் பரவுமாம். ஷாம்பு போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டி, ஈரம் காயும் முன் விட்டால் எங்கே நிற்கும்? குளியலுக்கும் சொட்டுக்கும் இடையில் இரண்டு நாளாவது வேண்டும் என்றார் டாக்டர். ஸ்பிரேயும் அப்படியே. வயிறு நிறைந்த உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் விரிசலில், கதவு நிலை இடுக்கில் போய் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். ஒரு தடவை மருந்து அடித்துவிட்டு மூன்று மாதம் கேரண்டி என்பது சுத்தப் பொய். இரண்டு நாளாக மணி சரியாகச் சாப்பிடவில்லை. உண்ணிக் காய்ச்சலா என்று பார்க்க இன்று ரத்தம் எடுத்திருக்கிறார்கள், ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) எவ்வளவு என்று சாயங்காலம் தெரியும்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. யார் வந்தாலும் மருந்து அட்டையைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, படம் எடுத்துவிட்டு, அப்புறம் பிரிக்க விடுங்கள். நாய் மருந்தை ஒரு சொட்டுகூடப் பூனைக்குப் போடாதீர்கள். நாய்க்குப் போட்டாலும் அது காயும்வரை பூனையைத் தனி அறையில் வையுங்கள், நக்கிவிடும். பூனைக்கு எச்சில் ஒழுகினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வேலை முடியும் முன் பணம் அனுப்பாதீர்கள், இலவசம் என்று சொன்னதையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

என்னிடம் பில்லே இல்லை. 6,400 ரூபாய்க்கு இருப்பது ஒரு ஜிபே ஸ்கிரீன்ஷாட். அதில் இருக்கும் பெயர்கூட வண்டியில் எழுதியிருந்த பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். அதை வைத்துத்தான் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.