குறிப்பெடுக்க டிஜிட்டல் பேனையா, டெப்பா?

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் சிலர் டிஜிட்டல் பேனைக்கும் டெப்புக்கும் (தொடுதிரைக் கைக்கணினிக்கும்) இடையே தடுமாறுகின்றனர்.

‘லீப்பேட்’ என்னும் பேசும் புத்தகத்தை 1999இல் தந்த அமெரிக்கரான ஜிம் மார்கிராஃப், 2008இல் ‘லைவ்ஸ்கிரைப்’ நிறுவனத்தின் முதல் டிஜிட்டல் பேனையைக் கொண்டுவந்தார். நுனியருகிலுள்ள சிறு கமரா தாளின் நுண்புள்ளிகளைப் படித்து, எழுதும் சொல்லை அவ்வேளை பதிவான குரலோடு இணைத்துவிடுவதால், பின்னர் அச்சொல்லைத் தொட்டாலே விரிவுரையாளரின் பேச்சு அந்த இடத்திலிருந்து ஒலிக்கும். (பதிவதற்கு முன் அவரிடம் அனுமதி கேட்பதே முறை.)

செலவு: பேனைக்குப் புள்ளியிட்ட கொப்பி தொடர்ந்து வேண்டும், மட்டக்களப்புக் கடைகளில் வாங்கும் சாதாரணக் கொப்பியில் மை பதியுமே தவிர, எழுத்து சேமிப்பில் ஏறாது. டெப்புக்கு அத்தொல்லை இல்லை.

நீடித்து உழைப்பது: டெப்பின் திரை உடைந்தால் செலவு பெரிது. பேனை பழுதடைந்தாலும் எழுதியது தாளில் மிஞ்சும்.

இலகு: டெப்பில் வரைபடத்தை அழித்துத் திருத்தலாம், பாடநூலையும் படிக்கலாம், வாட்ஸ்அப்பும் அதிலேயே இருப்பதுதான் சிக்கல்.

எனவே, நீண்ட விரிவுரைகளைக் கேட்டு எழுதும் கலைப்பிரிவு மாணவருக்குப் பேனையையும், படங்களும் சமன்பாடுகளும் மிகுந்த விஞ்ஞானப் பிரிவினருக்கு டெப்பையும் பரிந்துரைப்பேன். கொப்பி வருவிக்க வழியில்லாதோர் பேனையை வாங்கவே வேண்டாம்.