வேட்புமனு 'செட்': ஒன்றிய அலுவலக வாசல் கடைகளில் எதற்குக் காசு கொடுக்கலாம்?

உள்ளாட்சித் தேர்தல் தேதி அறிவித்தால் போதும். நல்லம்பள்ளி, பென்னாகரம், காவேரிப்பட்டணம், சூளகிரி, எந்த ஊரானாலும் ஒன்றிய அலுவலகத்துக்கு எதிர்வரிசை ஜெராக்ஸ் கடையில் 'வேட்புமனு செட் கிடைக்கும்' என்று ஒரு அட்டை தொங்கிவிடும். பிளாஸ்டிக் உறைக்குள் பத்துப் பதினைந்து தாள், கோக்க ஒரு டேக். கூடுதலாகக் கொடுத்தால் கடைக்காரரே நிரப்பித் தருவார், நோட்டரியிடம் கையெழுத்தும் வாங்கித் தருவார். இந்த செட்டையும் சேவையையும் பற்றித்தான் இந்த மதிப்பீடு. ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் ஆகிய நான்கு பதவிகளுக்கு மட்டும் பொருந்தும். நகராட்சி, பேரூராட்சி, ஓசூர் மாநகராட்சிக்கு டெபாசிட் வேறு, நடைமுறையும் கொஞ்சம் வேறு.

முதலிலேயே சொல்லிவிடலாம்: படிவத் தாளுக்குக் காசு கொடுப்பது வீண், டைப்பிங்குக்குக் கொடுப்பது தகும். படிவம் தேர்தல் நடத்தும் அலுவலரிடமே கிடைக்கும். மாநிலத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் இருக்கிறது. கடைக்காரர் விற்பது அதன் நகலைத்தான். நகல் எடுத்த தாள் எங்கிருந்து வந்தது என்பதில்தான் வில்லங்கம்.

ஊராட்சித் தேர்தலுக்கான வேட்புமனு படிவம் 3. சட்டமன்றத் தேர்தலுக்கு உள்ளது 2பி, அதனுடன் போகும் பிரமாணப் பத்திரம் படிவம் 26. இவை இந்தியத் தேர்தல் ஆணையத்தின் படிவங்கள், உள்ளாட்சிக்கு ஆகாது. அவசரத்தில் 'நாமினேஷன் ஃபார்ம்' என்று தேடி முதலில் வந்ததை இறக்கி நூறு பிரதி போட்டு வைக்கும் கடைகள் உண்டு. செட்டைக் கையில் வாங்கியதும் மேல் ஓரத்தில் படிவ எண்ணையும், தமிழ்நாடு ஊராட்சிகள் தேர்தல் விதிகள் 1995 என்ற குறிப்பையும் பாருங்கள். இல்லாவிட்டால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நிரப்பித் தரும் வேலைக்கு வருவோம். கடையின் திறமை தெரிவது வாக்காளர் பட்டியல் எண் எழுதும் கட்டத்தில். வேட்பாளர் அடையாள அட்டையை நீட்டுவார். கடைக்காரர் போனில் அட்டை எண்ணைப் போட்டு, வரும் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் படிவத்தில் ஏற்றுவார். பார்க்கச் சுறுசுறுப்பாகத்தான் இருக்கும், ஆனால் எழுதியது தப்பு. அந்த எண்கள் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலுக்கு உரியவை. உள்ளாட்சிப் பட்டியல் அதே பெயர்களைக் கொண்டு தயாரானாலும் வார்டு வாரியாகப் பிரித்து அடுக்கப்பட்டது. பாகமும் வரிசை எண்ணும் மாறிவிடும். நல்ல கடையில் அந்தந்த ஊராட்சியின் வார்டுவாரிப் பட்டியலை வாங்கி நகல் போட்டு வைத்திருப்பார்கள். வேட்பாளர் பெயர் உள்ள பக்கத்தையும், அவரை முன்மொழிந்து மனுவில் கையெழுத்துப் போடுபவரின் பெயர் உள்ள பக்கத்தையும் எடுத்துக் கோடு போட்டுக் காட்டுவார்கள். அந்த இரண்டு பக்க நகலுக்குக் கேட்ட காசைத் தாராளமாகக் கொடுக்கலாம். மொத்த செட்டிலும் உருப்படியான பொருள் அதுதான்.

எண் தப்பாக எழுதிவிட்டால் மனு உடனே தள்ளுபடி ஆகிவிடாது. எழுத்துப்பிழை, எண்பிழையைத் திருத்திக்கொள்ள அலுவலர் வாய்ப்புக் கொடுப்பது வழக்கம். ஆள் யார் என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். முன்மொழிபவரே தப்பான ஆளாக இருந்தால் திருத்த ஒன்றும் இல்லை. மனு விழுவது பெரும்பாலும் இங்கேதான், கடைக்காரர்கள் பலர் கேட்காமல் விடுவதும் இதைத்தான்.

வார்டு உறுப்பினர் பதவிக்கு நிற்பவர் தன் ஊராட்சியின் எந்த வார்டில் வாக்காளராக இருந்தாலும் வேறு வார்டில் நிற்கலாம். முன்மொழிபவர் அப்படி இருக்க முடியாது, நிற்கும் வார்டிலேயே அவருக்கு ஓட்டு இருக்க வேண்டும். 3-வது வார்டுக்காரர் 5-வது வார்டில் நின்றுகொண்டு, கூடவே வந்த 3-வது வார்டுப் பங்காளியிடம் கையெழுத்து வாங்கினால் மனு அன்றே செத்தது. தலைவர் பதவிக்கு ஊராட்சிக்குள் யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். ஒன்றியக் கவுன்சிலருக்கு அந்த ஒன்றிய வார்டு வாக்காளர் முன்மொழிய வேண்டும், மாவட்டக் கவுன்சிலருக்கு அந்த மாவட்ட வார்டு வாக்காளர். ஒன்றிய வார்டு ஒன்றில் பல ஊராட்சிகள் சேர்ந்து வரும். பக்கத்து ஊர் வேறு ஒன்றிய வார்டில் இருக்கும். எல்லையை வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பட்டியலில் பார்த்து உறுதி செய்வது நல்லது.

கிருஷ்ணகிரி பக்கம் இன்னொரு சிக்கல் அடிக்கடி வரும். ஓசூரில் வேலை, ஓசூரிலேயே வீடு, ஓட்டையும் மாநகராட்சிக்கு மாற்றியாகிவிட்டது. நிற்க ஆசை மட்டும் சொந்த ஊரான தளி ஒன்றியத்துக் கிராமத்தில். அந்த ஊராட்சியின் பட்டியலில் பெயர் இல்லையென்றால் அங்கே நிற்க முடியாது. ரேஷன் கார்டும் பூர்வீக நிலத்தின் சிட்டாவும் எத்தனை இணைத்தாலும் பயன் இல்லை. செட்டை விற்கும் முன் இதைக் கேட்கும் கடைக்காரர் ஒரு வியாபாரத்தை இழப்பார்தான். கேட்கிறவரிடமே போங்கள்.

வயதும் அப்படித்தான். ஓட்டுப்போட 18, நிற்க 21 நிறைந்திருக்க வேண்டும்.

பெயர் எழுதுவதில் எல்லையோர ஒன்றியங்களுக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். தெலுங்கு, கன்னடப் பெயர்கள் தமிழில் ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். வாக்காளர் பட்டியலில் அனுமந்தப்பா, ஆதாரில் ஹனுமந்தப்பா, சாதிச் சான்றிதழில் அனுமப்பா. மனுவில் வாக்காளர் பட்டியலில் உள்ளபடியே எழுத வேண்டும். 'ஆதாரில் இருப்பதுதான் சரி' என்று டைப் அடிக்கிறவர் தானாக மாற்றிவிடுவார், விடாதீர்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. போட்டியிடுவோர் பட்டியல் தமிழ் அகரவரிசையில் போகும். 'அ'வில் தொடங்கினால் தலையில் இருப்பார், 'ஹ'வில் தொடங்கினால் வாலில்.

டெபாசிட் தொகையைக் கடைக்காரர் சொல்லி நம்ப வேண்டியதில்லை. 2019-ல் இருந்த கணக்கு இது: ஊராட்சி வார்டுக்கு 200 ரூபாய், தலைவருக்கு 600, ஒன்றியக் கவுன்சிலருக்கு 600, மாவட்டக் கவுன்சிலருக்கு 1000. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு இதில் பாதி. இட ஒதுக்கீடு இல்லாத பொது வார்டில், பொதுப் பதவியில் நின்றாலும் பாதிதான். சாதிச் சான்றிதழ் நகல் கூட இருக்க வேண்டும். பணம் கட்டிய ரசீது இல்லாத மனு, மனுவே இல்லை. 'நாங்களே கட்டித் தருகிறோம்' என்று ஒரு தொகை வாங்கும் இடங்களைத் தவிர்த்துவிடலாம். கவுண்டர் அதே வளாகத்துக்குள்தானே இருக்கிறது.

சாதிச் சான்றிதழில் அவசரம் செல்லாது. ஆதிதிராவிடர் சான்றிதழை வட்டாட்சியர் தருவார். பழங்குடியினர் சான்றிதழ் கோட்ட அளவில், வருவாய்க் கோட்டாட்சியர் தர வேண்டும். சித்தேரி மலையில் உள்ளவருக்கு அது அரூர். மனுத்தாக்கல் தொடங்கிய பிறகு இ-சேவையில் பதிந்தால், விசாரணை முடிந்து கைக்கு வருவதற்குள் கடைசி நாள் போய்விடும். 'விண்ணப்பித்த ரசீதை இணைத்தால் போதும்' என்று சொல்கிற கடை எதுவானாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஒதுக்கப்பட்ட தனி வார்டில் நிற்பவருக்கு சான்றிதழ்தான் வேண்டும், ரசீது சான்றிதழ் ஆகாது.

உறுதிமொழிப் பத்திரத்துக்குக் கடையை நம்பலாம். வழக்கு விவரம், சொத்து, கடன், படிப்பு எல்லாம் நிறைய கட்டங்கள். கையால் எழுதினால் அடித்தல் திருத்தல் வரும், டைப் அடித்தால் சுத்தமாக இருக்கும். எந்தத் தாளில் வேண்டும், யார் சான்றொப்பம் வேண்டும் என்பதை அலுவலகத்து அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டு வந்து டைப்புக்குக் கொடுங்கள். கவனிக்க வேண்டியது காலிக் கட்டங்களை. வழக்கு எதுவும் இல்லை என்றால் சிலர் அப்படியே விட்டுவிடுவார்கள், சிலர் ஒரு கோடு இழுப்பார்கள். இரண்டும் வேண்டாம். ஒவ்வொரு கட்டத்திலும் 'இல்லை' என்று எழுத்தால் இருக்க வேண்டும். கணவன் அல்லது மனைவி பெயரில் உள்ள நகை, வங்கிக் கடன், டிராக்டர் கடன் எல்லாம் வர வேண்டும். முந்தின ஆளின் கோப்பைத் திறந்து பெயரை மட்டும் மாற்றி அடிப்பது டைப்பிங் சென்டர்களின் பழைய பழக்கம். அப்படி வந்த பத்திரத்தில் முந்தினவரின் சர்வே எண்ணும் கூடவே வந்து உட்கார்ந்திருக்கும். கையெழுத்துப் போடும் முன் சொத்துப் பக்கத்தை வரிக்கு வரி விரல் வைத்துப் படியுங்கள், தப்பு இருந்தால் சிக்கப்போவது உங்கள் கையெழுத்துதான்.

செட்டில் சில கடைகள் 'நிலுவை இல்லாச் சான்று' என்று ஒரு தாளையும் சேர்க்கிறார்கள். வீட்டுவரி, குடிநீர்க் கட்டண ரசீதுகளைக் கையில் வைத்திருப்பது அதைவிட உதவும். ஊராட்சிக்குக் கட்ட வேண்டிய பாக்கிக்கு நோட்டீஸ் வந்தும் கட்டாமல் இருந்தால் தகுதியிழப்புப் பிரச்சினை எழலாம். மனுக்களை அலுவலர் சரிபார்க்கும் பரிசீலனை அன்று எதிர்த்தரப்பு கிளப்பும் முதல் சங்கதி இது. இரண்டாவது, ஒப்பந்த வேலை. அதே ஊராட்சியில் சாக்கடையோ சிமென்ட் ரோடோ ஒப்பந்தம் எடுத்து இன்னும் முடியாமல் இருந்தால் அதுவும் தகுதியிழப்பில்தான் கொண்டுபோய் விடும். இதற்கெல்லாம் ஜெராக்ஸ் கடை தீர்வு தராது. வக்கீலிடம் போக வேண்டிய விஷயம்.

கட்சி சார்பில் நிற்கும் ஒன்றிய, மாவட்டக் கவுன்சிலர் வேட்பாளர்களுக்குக் கட்சியின் அங்கீகாரக் கடிதம் தனி. வார்டு உறுப்பினர், தலைவர் பதவிகள் கட்சி சார்பற்றவை. அந்த செட்டில் கட்சிக் கடித நகலை வைத்து விற்றால் சிரித்துவிட்டுக் கழற்றிப் போடுங்கள்.

கூட்டம் எப்போது என்பதும் சேவையின் தரத்தைத் தீர்மானிக்கும். 2019-ல் மனுத்தாக்கல் டிசம்பர் 9 முதல் 16 வரை நடந்தது. 16 திங்கட்கிழமை, மறுநாள் மார்கழி. அன்று காலை 10.30 முதல் 12 வரை எமகண்டம். இப்படி ஒரு நாள் அமைந்தால் அத்தனை பேரும் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் படியேறுவார்கள். அந்த நேரத்தில் கடையில் டைப் அடித்த எதையும் யாரும் சரிபார்க்க மாட்டார்கள், நோட்டரியும் படிக்காமல் முத்திரை குத்துவார். நல்ல நேரம் பார்ப்பவர்கள் தாக்கல் செய்யும் நேரத்தை அதற்கு வைத்துக்கொள்ளட்டும். தாள் வேலையை இரண்டு நாள் முன்பே, கடை காலியாக இருக்கும் மத்தியானத்தில் முடித்துவிடலாம். மனுவை வேட்பாளரோ முன்மொழிபவரோதான் கொடுக்க வேண்டும். 'நாங்களே உள்ளே கொடுத்துவிடுவோம்' என்ற சேவை செல்லாது.

மாற்று வேட்பாளருக்கும் சேர்த்து இரண்டு செட் எடுத்தால் தள்ளுபடி தரும் கடைகள் இருக்கின்றன, நல்ல யோசனைதான். இரண்டாவது செட்டுக்கும் தனி டெபாசிட், தனிப் பத்திரம் என்பதை நினைவில் வையுங்கள். முன்மொழிபவரின் வார்டையும் மறுபடி முதலிலிருந்து பாருங்கள். வாபஸ் படிவத்தை மட்டும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுத்து வைக்க வேண்டாம், கடைக்காரரிடமும். கொடுத்த வாபஸைத் திரும்ப எடுக்க முடியாது. போட்டியே இல்லாமல் ஒருவரை 'அன்னபோஸ்ட்' ஆக்கும் பேச்சு நடக்கும் ஊர்களில் அந்த ஒரு தாளுக்குத்தான் விலை அதிகம்.

ஒரே ஒரு பொருளைக் கடைகள் இன்னும் செட்டில் சேர்க்கவில்லை, சேர்க்க வேண்டும்: செலவுக் கணக்கு நோட்டு. 2019-ல் உச்சவரம்பு வார்டுக்கு 9,000, தலைவருக்கு 34,000, ஒன்றியக் கவுன்சிலருக்கு 85,000, மாவட்டக் கவுன்சிலருக்கு 1,70,000 ரூபாய். முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். தோற்றவரும் கொடுக்க வேண்டும். கொடுக்காதவரை ஆணையம் 3 ஆண்டு தகுதிநீக்கம் செய்யலாம். அந்த நேரத்தில் கடை பட்டா, சிட்டா நகலுக்குத் திரும்பியிருக்கும், கேட்டாலும் படிவம் இருக்காது. மனு வாங்கும்போதே கணக்குப் படிவத்தையும் அலுவலகத்திலேயே கேட்டு வாங்கி வையுங்கள். செட்டுக்குக் கொடுத்த காசு அதில் முதல் வரி.