மலையில் கட்டிய பரிசுக் கூடை கொழும்பில் எப்படிப் பிரிகிறது: எது தாங்கும், எது கெடும்

கூடை கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கடைத்தட்டில் பண்டம் எப்படித் தெரிகிறது என்று பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நுவரெலியாவில் வாங்கி நாலு நாள் கழித்துக் கொழும்பில் பிரிக்கப்படும் கூடைக்கு அந்தப் பார்வை போதாது. அது 1,868 மீற்றர் உயரத்திலிருந்து கடல்மட்டத்துக்கு இறங்குகிறது, குளிரிலிருந்து புழுக்கத்துக்குப் போகிறது, றம்பொடை வளைவுகளில் குலுங்குகிறது. உள்ளே இருக்கும் பண்டங்கள் ஒன்றின் வாசனையை ஒன்று இழுக்கின்றன. தீபாவளி, நத்தார், சித்திரைப் புத்தாண்டு என்று பல வருஷமாகக் கூடை கட்டி அனுப்பியதில் தெரிந்ததை இங்கே சொல்கிறோம்.

முதலிடம் தேயிலைக்குத்தான். அதில்தான் தவறான தேர்வும் அதிகம். பெட்டியில் போட்டிருக்கும் பீ.ஓ.பீ. (உடைத்த இலை), பீ.ஓ.பீ.எஃப். (அதைவிடச் சிறியது), ஓ.பீ. (நீள இலை) என்பவை இலையின் அளவைச் சொல்கின்றனவே தவிர, தரத்தை அல்ல. பால் தேத்தண்ணி குடிக்கிற வீட்டுக்கு நீள இலை நுவரெலியா ஓ.பீ. அனுப்பினால், "சாயமே இறங்கவில்லையே" என்பார்கள். அந்தத் தேயிலையில் குறையில்லை. மெல்லிய நிறமும் பூ வாசனையும் உள்ள அது பால் விடாமல் குடிக்க வேண்டியது. பாலுக்கு டிம்புளப் பகுதியின் பீ.ஓ.பீ.எஃப். சரியாக நிற்கும். பால் இல்லாத பிளேன்டீ குடிப்பவர்களுக்கு நுவரெலியா அல்லது ஊவாப் பகுதித் தேயிலை. ஊவாவில் யூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் காலத்துத் தேயிலைக்கு மெந்தோல் போன்ற ஒரு குளிர்ந்த காரம் உண்டு. அது வேண்டுமென்றால் பொதி செய்த திகதியைப் பார்த்து, அந்தப் பருவத்துக்குப் பின் பொதி செய்ததை எடுங்கள். டிம்புளவின் நல்ல பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. சித்திரைக் கூடைக்குப் பொருத்தமாக வரும். பெட்டியில் சிங்க இலச்சினை இருந்தால், உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது என்று பொருள்.

இன்னொன்று: உயரம் காரணமாக நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே கடையில் மூன்று நிமிஷம் ஊறவைத்துத் தந்த தேத்தண்ணியை ருசி பார்த்து வாங்கினால், அதே தேயிலை கொழும்பில் 100 பாகை நீரில் அதே மூன்று நிமிஷத்தில் துவர்ப்புக் கூடி வரும். வாங்கும்போதே இதை மனதில் வைத்துக் கொஞ்சம் மென்மையானதையே எடுக்கலாம்.

தேயிலைக்குப் பெரிய எதிரி வாசனை. கராம்பும் ஏலக்காயும் பொலித்தீன் பைகளில் இருந்து, பக்கத்தில் தேயிலை கடதாசிப் பெட்டியில் இருந்தால், நாலு நாளில் தேயிலையில் கராம்பு மணக்கும். அதை எடுக்க வழியே இல்லை. பெட்டிக்குள் ஒட்டிய ஃபொயில் பை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பலசரக்கைச் சின்னக் கண்ணாடிப் போத்தலில், திருகுமூடியோடு வையுங்கள். வாசனைச் சவர்க்காரம், மெழுகுவர்த்தி எல்லாம் உணவுக் கூடைக்குள் வேண்டவே வேண்டாம்.

பலசரக்கு மாத்தளைப் பக்கம் வாங்குவது நல்லது. கராம்பின் மொட்டுப் பகுதியை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். தண்ணீரில் போட்டால் நல்லது அமிழும் அல்லது நட்டுக்குத்தாக மிதக்கும். எண்ணெய் வடித்தெடுத்தது படுத்து மிதக்கும். சாதிக்காயில் ஊசியைக் குத்தினால் முனையில் எண்ணெய் மினுங்கும். கறுவா தென்பகுதிக் கரையோரச் சரக்கு. மலைநாட்டுக் கடைகளில் கிடைத்தாலும் மலையில் விளைந்தது என்று எழுதி வைக்காதீர்கள். மெல்லிய பட்டைகள் பல அடுக்காகச் சுருண்டிருப்பதே உண்மையான கறுவா. தடித்த ஒற்றைப் பட்டையாகச் சுருண்டிருந்தால் அது வேறு மரம்.

கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் கித்துள் பாணிதான் எங்கள் கூடைகளில் அதிகம் பாராட்டு வாங்கியது. அதிகம் தொல்லை தந்ததும் அதுவே. விறகடுப்பில் காய்ச்சியதால் நல்ல பாணியில் லேசான புகை மணம் இருக்கும். போத்தலின் அடியில் சீனி மணிமணியாகப் படிந்திருந்தால், பெரும்பாலும் சீனி கலந்தது. காய்ச்சல் போதாத பாணி போத்தலுக்குள்ளேயே நொதிக்கும். மேலே நுரை வளையம் கட்டியிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். மலைக்குளிரில் அது அடங்கிக் கிடக்கும், கொழும்புச் சூட்டில் இரண்டு நாளில் மூடியைத் தள்ளிவிடும். 375 மில்லிலீற்றர் போத்தல் போதும். கண்ணாடியோடு சேர்த்து முக்கால் கிலோவைத் தாண்டும். கித்துள் கருப்பட்டி ஈரக் காற்றில் வேர்க்கும். பட்டர் பேப்பரில் சுற்றி, அதன்மேல் இறுக்கமாக மூடும் பை ஒன்று போட்டால், தேயிலைப் பெட்டியில் கறை படியாது.

ஸ்ட்ரோபெரி ஜாம் வாங்கும்போது போத்தலைச் சாய்த்துப் பாருங்கள். மெதுவாக நகர வேண்டும். அசையாமல் நின்றால் அளவுக்கு மிஞ்சிக் காய்ச்சியது. வீட்டில் செய்து விற்பவர்களிடம் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் இருக்கிறது: புத்தகங்களில் ஜாம் இறுகும் சூடு 105 பாகை என்று போட்டிருப்பது கடல்மட்டக் கணக்கு. நுவரெலியாவில் 98, 99 பாகையிலேயே பதம் வந்துவிடும். அங்கே 105 வரை விட்டால் கரண்டியில் சவ்வாக இழுபடும். ஸ்ட்ரோபெரியில் ஜாமை இறுகவைக்கும் பெக்டின் குறைவு என்பதால் தேசிக்காய்ச் சாறு சேர்க்காத ஜாம் தண்ணியாக நின்று, பழம் எல்லாம் மேலே மிதக்கும். சீனி குறைத்த ஜாம் நல்லதுதான், ஆனால் கூடைக்கு ஏற்றதல்ல. திறந்த பிறகு ஃபிரிட்ஜில் வைத்தும் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும்.

புதுப் பழங்கள் கூடைக்குள் வேண்டாம். ஸ்ட்ரோபெரி ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். காயாக வாங்கிய அவகாடோவும் பேரிக்காயும் செலோபேனுக்குள் ஈரத்தை விட்டு லேபல்களை ஊறவைக்கும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தனிப் பையில், கையில். அம்பேவெலப் பக்கத்துச் சீஸும் அப்படித்தான்: ஐஸ் பெட்டியில் தனியாகப் போக வேண்டும்.

முறுக்குப் பையில் வேறொரு சிக்கல். நுவரெலியாவின் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். அங்கே சீல் வைத்த பை கொழும்பில் சுருங்கி முறுக்கோடு ஒட்டிக்கொள்ளும். தாங்கிப் பிடித்த காற்று குறைந்துவிடுவதால் ஒரு போத்தல் சாய்ந்தாலே நொறுங்கும். தகர டின்னிலோ கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவிலோ போடுங்கள். கொழும்பில் சீல் வைத்த பையை மேலே கொண்டுவந்தால் இதற்கு நேர்மாறு: உப்பி, பலவீனமான சீல் பிரிந்துவிடும். எண்ணெய்ப் பலகாரம் இரண்டு வாரத்துக்குள் சாப்பிடப்பட வேண்டும். சிக்கு வாடை வந்தால் கூடைக்கே அந்தப் பெயர்தான்.

சொக்லேட்டின் கொக்கோ பட்டர் ஏறக்குறைய 34 பாகையில் உருகும். வெயிலில் நிறுத்திய வாகனம் அதைச் சுலபமாகத் தாண்டும். மறுபடி இறுகினால் மேலே வெள்ளை படரும். சாப்பிடலாம், பரிசாகக் கொடுக்க முடியாது.

கட்டும்போது, பிரம்புக் கூடையின் அடியில் நெளி அட்டையை வெட்டிப் போட்டு, போத்தல்களைக் கடதாசியில் சுற்றி ஓரத்தில் நிமிர்த்தி, அவற்றுக்கு நடுவே கருப்பட்டியை இறுக்குங்கள். நடு அடுக்கில் பலசரக்கு, மேலே தேயிலையும் டின்னும். நிரப்ப நறுக்கிய கடதாசி போதும். வைக்கோலில் ஈரமும் பூச்சியும் வரும். மொத்தம் 4 கிலோவுக்கு மேல் போனால் கைபிடி தளரும். மூடுபனி இறங்கும் மாலையில் கட்டாமல் காலையில் கட்டுங்கள். கொழும்பில் இறக்கியதும் உடனே பிரிக்கக் கூடாது. குளிர்ந்த போத்தலில் வேர்வை கட்டி லேபல் உரியும். சில மணித்தியாலம் அப்படியே இருக்கட்டும்.

விலை அச்சிட்ட இடத்தைச் சுரண்டுகிற பழக்கம் பலருக்கு உண்டு. பல பொதிகளில் காலாவதித் திகதி அதன் பக்கத்திலேயே இருக்கிறது, சுரண்டாமல் விடுங்கள். நத்தார் ரிச் கேக்கில் பிராந்தி இருக்கும், ஜெலி இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும். முஸ்லிம் வீடுகளுக்கும் சைவ வீடுகளுக்கும் அனுப்பும் முன் லேபலைப் படியுங்கள். வெளிநாடு போகிறவர் கையில் கொடுத்தால், பாணியும் ஜாமும் திரவப் பொருட்களாகவே கணக்கிடப்படும்; பல விமான நிலையங்களில் 100 மில்லிலீற்றருக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள். பெரிய பயணப்பெட்டிக்குள் போக வேண்டும்.

கூடையோடு ஒரு சின்ன அட்டை வையுங்கள். தேயிலை: ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி, பீ.ஓ.பீ. என்றால் மூன்று நிமிஷம், ஓ.பீ. என்றால் நாலைந்து. பாணி: ஈரக் கரண்டி படக் கூடாது. ஜாம்: திறந்ததும் ஃபிரிட்ஜ். முறுக்கு: எந்தத் திகதிக்குள் என்று கையால் எழுதுங்கள்.