மாடிப்படிக்கும் பால்கனிக்கும் கைப்பிடி: இரும்பா, எவர்சில்வரா, கண்ணாடியா?

வீடு கட்டி முடியும் தறுவாயில், கையிருப்பு கரைந்துபோன நேரத்தில்தான் கைப்பிடி வேலை வந்து நிற்கும். பட்டறைக்காரர் செல்போனில் காட்டும் படங்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். படத்தில் டிசைன் தெரியும். அந்தக் கைப்பிடி கூரைக்கடியில் நிற்குமா, மழையில் நனையுமா என்பது தெரியாது. அதன் கால் கான்கிரீட்டில் இறங்கியிருக்கிறதா, செங்கலிலா, வெறும் கிரானைட்டிலா என்பதும் தெரியாது. ஆனால் கைப்பிடி எத்தனை வருடம் நிற்கும், ஆள் சாய்ந்தால் தாங்குமா என்பதை முடிவு செய்வது இந்த இரண்டும்தான். அதனால் இரும்பு, எவர்சில்வர், கண்ணாடி என்ற போட்டிக்குப் போகும் முன் காலைப் பார்த்துவிடுவோம்.

கால் எங்கே இறங்குகிறது

42 அங்குல உயரமுள்ள பால்கனிக் கைப்பிடியின் மேல் நுனியில் ஒருவர் 50 கிலோ அளவுக்குச் சாய்ந்து தள்ளுகிறார், அந்த விசை ஒரே தூணில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் 4 அங்குலத் தகடு, நான்கு மூலையிலும் போல்ட். தகட்டின் வெளி விளிம்பில் ஊன்றி, கடப்பாரையால் நெம்புவது போல உள்பக்கத்து இரண்டு போல்ட்டுகளும் மேல்நோக்கி இழுபடும். கணக்குப் போட்டால் இழுவிசை சுமார் 600 கிலோ, அதாவது போல்ட் ஒன்றுக்கு 300 கிலோ. குழாய் அவ்வளவு எளிதில் வளையாது. முதலில் விட்டுக்கொடுப்பது போல்ட் இறங்கியிருக்கும் இடம்தான்.

இப்போது வழக்கமாக நடக்கும் வேலையைப் பாருங்கள். கிரானைட் பதித்து முடிந்த பிறகு பட்டறை ஆட்கள் வருவார்கள். கையில் 3 அங்குல ஆங்கர் போல்ட் இருக்கும், அதாவது 75 மி.மீ. கிரானைட் 18 மி.மீ., அதற்கடியில் கலவை 40 மி.மீ. என்று 58 மி.மீ. போய்விடும். மேலே தகட்டுக்கும் நட்டுக்கும் 14 மி.மீ. போனால் கான்கிரீட்டுக்குள் இறங்குவது நகக்கண் அளவுதான். வேலை முடிந்த அன்று ஆட்டிப் பார்த்தால் கெட்டியாகவே இருக்கும். ஆறு மாதத்தில் கிரானைட்டில் விரிசல் ஓடும், இல்லையென்றால் தகடு 'கடக் கடக்' என்று அசையும்.

இதற்கு நல்ல வழி, கிரானைட் போடுவதற்கு முன்பே தகட்டைக் கான்கிரீட்டில் பொருத்தி, கிரானைட்டை அதைச் சுற்றி வெட்டிப் பதிப்பது. அது கைமீறிவிட்டது என்றால் கெமிக்கல் ஆங்கர் போடுங்கள், அதாவது துளையில் பசை மருந்தை நிரப்பி ராடை ஒட்டிப் பிடிக்கவைப்பது. 10 மி.மீ. திரெட் ராடுக்கு 12 மி.மீ. துளை, கான்கிரீட்டுக்குள் மட்டும் 90 மி.மீ. இறங்க வேண்டும். கிரானைட்டையும் கலவையையும் தகட்டையும் நட்டையும் சேர்த்தால் ராடு 165 மி.மீ. நீளமாவது வேண்டும். துளையில் ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதிய பிறகே மருந்தை நிரப்ப வேண்டும். தூசி நின்றால் மருந்து கான்கிரீட்டைப் பிடிக்காது, தூசியைத்தான் பிடிக்கும். மருந்துக் குழாயில் அச்சிட்ட நேரம் முடியும்வரை நட்டை முறுக்கவே கூடாது.

பால்கனி ஸ்லாபின் ஓரத்தில் சாதா ஆங்கர் போல்ட்டைத் தவிர்ப்பது நல்லது. அது விரிந்துதான் பிடிக்கும், விரியும்போது ஓரத்தைப் பிளந்துவிடும். கெமிக்கல் ஆங்கர் அப்படி நெருக்காது. இன்னொன்று: வெளியே நீண்டிருக்கும் பால்கனியில் முக்கியக் கம்பிகள் ஸ்லாபின் மேல்பக்கத்தில் ஓடும். டிரில் கம்பியில் முட்டினால் அதை அறுத்து இறக்கக் கூடாது, துளையை ஓர் அங்குலம் தள்ளிப் போட வேண்டும்.

படிக்கட்டில் வேறொரு சிக்கல். சாய்வான ஸ்லாபை மட்டும் கான்கிரீட்டில் போட்டுவிட்டு, படிகளைச் செங்கல்லில் கட்டும் வழக்கம் நம்மிடம் நிறைய. செங்கல் படியில் எந்த போல்ட்டும் நிற்காது. படி கட்டும்போதே, தூண் வரும் இடங்களில் அடியில் கம்பி வால் வைத்த இன்செர்ட் தகடுகளைக் கான்கிரீட் வைத்துப் பதித்துவிடுங்கள். அது முடியாது என்றால் படியின் பக்கவாட்டில், சாய்வு ஸ்லாபின் கான்கிரீட்டில் தூணைப் பிடிக்கலாம். பக்கவாட்டில் பிடித்தால் படி அகலமும் மிச்சமாகும், கிரானைட்டிலும் ஓட்டை விழாது.

இரும்பு

எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) என்னும் சாதா இரும்புக்கு இருக்கும் கெட்ட பெயரில் பாதி அதற்கு உரியதல்ல. வீட்டுக்குள், கூரைக்கடியில், 12 மி.மீ. சதுரக் கம்பியை நிமிர்த்தி வைத்து, மேலே தேக்குக் கைப்பிடி போட்ட படிக்கட்டுக்கு இணையான வேலை குறைந்த செலவில் வேறு கிடையாது. 10 அடி பால்கனியைக் கணக்கிடுவோம். கம்பிகளுக்கிடையே 4 அங்குலம் விட்டால் 27 கம்பி வரும். 12 மி.மீ. சதுரக் கம்பி மீட்டருக்கு 1.13 கிலோ, ஒவ்வொன்றும் 0.9 மீட்டர் என்றால் கம்பி மட்டும் 27 கிலோ. மேலும் கீழும் 25×6 பட்டை 7 கிலோ, மூன்று தூண் 7 கிலோ. மேல் குழாயையும் சேர்த்தால் 45 முதல் 50 கிலோவுக்குள் முடிந்துவிடும். பட்டறைக்காரர் 80 கிலோ என்று பில் போட்டால் எங்கே கூடியது என்று கேட்க இந்தக் கணக்கு போதும்.

இரும்பின் எதிரி துரு. அது தொடங்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: கம்பியின் அடி, தரையைத் தொடும் மூட்டு. தண்ணீர் தேங்கும் இடம் அது. தகட்டைத் தரையோடு ஒட்டவிடாமல் 10 மி.மீ. தூக்கி, அடியில் கிரவுட் என்னும் சிமென்ட் கலவையை நிரப்பி, சுற்றிலும் வெளிச்சரிவாக இழைத்துவிட்டால் தண்ணீர் நிற்காது. கீழ்ப்பட்டையைத் தரையிலிருந்து 3 அங்குலம் உயர்த்துங்கள். துடைப்பம் உள்ளே போகும், ஈரமும் காயும். குழாய் என்றால் இரு முனையும் முழுதாக மூடி வெல்டிங் செய்திருக்க வேண்டும். மூடாத குழாய் உள்ளிருந்தே அரித்து வரும்; வெளியே பெயின்ட் பளபளக்கும், விரலால் அழுத்தினால் பொத்துக்கொள்ளும்.

வெறும் ரெட் ஆக்சைடு அடித்து நிறுத்திய இரும்பு ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. வெல்டிங் கசடைத் தட்டி, எமரி போட்டு, பிரைமர் இரண்டு கோட், அதன்மேல் எனாமல் இரண்டு கோட் வேண்டும். வெளிப்பகுதிக்கு எபாக்சி பிரைமரும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட்டும் கூடுதல் நாள் நிற்கும். கைப்பிடியின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், பெயின்டர் பெரும்பாலும் விடுவது அங்கேதான். பவுடர் கோட்டிங் பார்க்க அழகு. ஆனால் கோட்டிங் போட்டுக் கொண்டுவந்து வீட்டில் வைத்து வெல்டிங் செய்தால் அந்த மூட்டில் எல்லாம் கருகிவிடும். பவுடர் கோட்டிங் வேண்டும் என்றால் தளத்தில் போல்ட் மட்டுமே போட வேண்டும்.

எவர்சில்வர்

இங்கேதான் ஏமாறுவது அதிகம். எவர்சில்வரில் ரகத்துக்கு ஓர் எண் உண்டு. 304 என்பதில் குரோமியம் 18 சதவீதமும் நிக்கல் 8 சதவீதமும் இருக்கும். 202 என்பதில் நிக்கல் 4 முதல் 6 சதவீதம்தான், மீதியை மாங்கனீசு கொண்டு சரிக்கட்டியிருப்பார்கள். பாலிஷ் போட்ட பிறகு இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். காந்தம் வைத்துப் பார்ப்பதால் பயனில்லை, இரண்டிலுமே ஒட்டாது. வளைத்த இடத்தில் நல்ல 304-லும் லேசாக ஒட்டும். பழைய உலோகக் கடைகளில் ஒரு சொட்டு மருந்தும் சிறு பேட்டரியும் வைத்திருப்பார்கள். மாங்கனீசு கூடிய ரகத்தில் சொட்டு சிவப்பாக மாறும். குழாய் வந்து இறங்கும் அன்றே இந்தச் சோதனையைச் செய்யுங்கள், கைப்பிடி ஏறிய பிறகு செய்து பலனில்லை.

வீட்டுக்குள் 202 போதும். திறந்த பால்கனிக்கும் மொட்டை மாடிக்கும் 304 வேண்டும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னையின் கடற்கரைச் சாலை போல உப்புக் காற்று வீசும் இடங்களில் 304-உம் தேநீர் சிந்தியது போல் பழுப்பேறும். அங்கே மாலிப்டினம் சேர்ந்த 316, அதுவும் மிரர் பாலிஷ் போட்டது. கீறலிட்ட மேட் பாலிஷில் உப்பு தங்கிவிடும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுவது எந்த ரகத்துக்கும் ஆயுளைக் கூட்டும்.

அடுத்தது கனம். அதைக் கேஜ் எண்ணால் சொல்வார்கள்; எண் கூடினால் தகடு மெலியும். இரும்பைக் கிலோவில் விற்கிறார்கள், எவர்சில்வர் வேலையை ரன்னிங் அடியில் பேசுகிறார்கள். கிலோவில் பேசினால் எடை கூடும் பக்கம் சாயும், அடியில் பேசினால் குழாய் மெலியும் பக்கம் சாயும். 2 அங்குலக் குழாய் 6 மீட்டர் நீளம், 16 கேஜ் என்றால் ஏறத்தாழ 11.8 கிலோ, 18 கேஜ் 8.9 கிலோ, 20 கேஜ் 6.7 கிலோ. தராசில் வைத்தால் இரண்டே நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். தூணுக்கு 16 கேஜைவிட மெல்லியதை ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்வரிசைக் குழாய்க்கு 18 போதும்.

வெல்டிங் ஆர்கான் வாயுவில் நடக்க வேண்டும். இரும்பை அறுத்த கிரைண்டிங் வீலால் எவர்சில்வரைத் தேய்த்தால் இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு, முதல் மழையிலேயே புள்ளி புள்ளியாகத் துரு தெரியும். பழியோ குழாயின் மேல் விழும்.

கண்ணாடி

பார்வையை மறைக்காது, கூடத்தைப் பெரிதாகக் காட்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் '12 எம்.எம். டஃபன்ட்' என்று, சூடாக்கி உறுதியாக்கிய ஒற்றைக் கண்ணாடியைப் போடுவதை மாடி விளிம்பில் ஏற்கவே முடியாது. டஃபன்ட் உடைந்தால் சிறு சிறு துண்டுகளாகக் கொட்டிவிடும். கை கிழியாது, ஆனால் அந்த இடம் வெட்டவெளி ஆகிவிடும். கண்ணாடிக்குள் நிக்கல் சல்பைடு துகள் சிக்கியிருந்தால் யாரும் தொடாமலேயே ஒருநாள் உடையவும் கூடும். அதனால் லேமினேட் செய்ததே வேண்டும்: 6 மி.மீ. டஃபன்ட் இரண்டு, நடுவில் 1.52 மி.மீ. பிளாஸ்டிக் படலம், மொத்தம் 13.52 மி.மீ. அதிலும் இரண்டு கண்ணாடியும் உடைந்தால் சாதாப் படலம் நனைந்த துணி போலத் துவண்டுவிடும். ஆகவே மேலே ஒரு கைப்பிடிக் குழாய் கட்டாயம்.

எடையைக் கணக்கில் வையுங்கள். அதே 10 அடி பால்கனிக்கு மூன்றரை அடி உயரக் கண்ணாடி மட்டும் 100 கிலோவைத் தாண்டும், இரும்பைப்போல இருமடங்கு. அதைப் பிடிக்கும் கீழ்ச் சேனலில் வடிகால் துளை இல்லாவிட்டால் மழைநீர் தேங்கி, படலத்தின் ஓரம் வெள்ளையாகப் பூத்துவிடும். காடி நாற்றம் அடிக்கும் சிலிக்கானும் அந்த ஓரத்தைக் கெடுக்கும், நியூட்ரல் வகைதான் வேண்டும். அளவு கிரானைட் முடிந்த பிறகே எடுக்கப்பட வேண்டும். டஃபன் செய்த கண்ணாடியில் ஒரு மில்லிமீட்டர்கூடச் சீவ முடியாது, துளையும் போட முடியாது.

உள்படிக்கட்டில், கடினத் தண்ணீரும் மழையும் படாத இடத்தில் கண்ணாடி சரி. போர் தண்ணீரில் கழுவும் வீட்டு பால்கனியில் வாரம் தவறாமல் வெண்கறையைத் துடைக்க ஆள் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

அலுமினியம் எடை குறைவு, துருப் பிடிக்காது. மூட்டு எல்லாம் ஸ்க்ரூவில் நிற்பதால் நாளாக ஆட்டம் காணும். தேக்கு வீட்டுக்குள் கைக்குச் சுகம், வெயிலில் வெடிக்கும்.

இடைவெளியும் உயரமும்

எந்தப் பொருளானாலும் 4 அங்குலத்துக்கு மேல் சந்து கூடாது. குழந்தையின் உடல் நுழையும் இடத்தில் தலை சிக்கும். 10 அங்குல மிதிபடிக்கு 12 மி.மீ. கம்பி இரண்டு வைத்தால் சந்து நாலரை அங்குலம் ஆகிவிடும், மூன்று வேண்டும். 1 அங்குலச் சதுரக் குழாய் என்றால் இரண்டு வைத்தால் சந்து சரியாக 4 அங்குலம்.

எவர்சில்வரில் இப்போது ஓடும் மோஸ்தர், படுக்கைவாக்கில் ஐந்து குழாய். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது ஏணி. எவ்வளவு அழகாக இருந்தாலும் பால்கனியில் வேண்டாம்.

படியில் மிதிபடியின் மூக்கிலிருந்து நேர் மேலே 36 அங்குலம், பால்கனியில் 42. இரண்டையும் முடிந்த தரையிலிருந்து அளக்க வேண்டும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைக் கொத்தனார் 3 அடிக்குக் கட்டியிருப்பார். மாடித் தரையில் சுருக்கிக் கலவையும் ஓடும் 4 அங்குலம் ஏறியதும் மிஞ்சுவது 32 அங்குலம், இடுப்புக்கும் கீழே. சுவரின் தலையில் 3 அங்குலக் கான்கிரீட் பட்டி போட்டு, அதில் தூணை முன்கூட்டியே பதித்து, ஒற்றைக் குழாய் ஓட்டினால் உயரம் சரியாகும். வெறும் செங்கல்மேல் போல்ட் அடித்து அந்தக் குழாயை நிறுத்துவது, சாய்பவரை நம்பவைத்துக் கைவிடும் வேலை.

வேலை வாங்கும்போது

டைல்ஸில் ஒட்டிய சிமென்ட்டைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவுவது முடிந்த பிறகே எவர்சில்வர் உள்ளே வர வேண்டும். ஆசிட்டின் ஆவி பட்டாலே 304-உம் குழி விழுந்து பழுக்கும். கைப்பிடி ஏற்கெனவே நிற்கிறது என்றால் பிளாஸ்டிக் தாள் சுற்றி, ஆசிட் இல்லாத கிளீனர் கேளுங்கள். தப்பித் தெறித்துவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். வெல்டிங் நடக்கும்போது பக்கத்துக் கண்ணாடிக்கும் கிரானைட்டுக்கும் ஈரச் சாக்கு போர்த்துங்கள். தீப்பொறி பட்ட புள்ளி பிறகு போகாது.

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு தூணையும் தலையில் பிடித்து, உடம்பின் எடையை மெல்ல ஏற்றி அசைத்துப் பாருங்கள். வெளியே ஆள் விழாதபடி உள்பக்கம் நோக்கி இழுத்துப் பார்ப்பது பத்திரம். அசைவு அடித்தகட்டில் தெரிந்தால் ஆங்கரை மாற்றச் சொல்லுங்கள். தகட்டின் மேல் அழகுக்கு மூடும் கிண்ணத்தை, இந்தச் சோதனை முடியும்வரை மாட்டவிடாதீர்கள்.