கிணத்தடி மோட்டரும் கணினியும்: யூஎஸ்பியில் எந்தப் பலகையைச் செருகுவது?

கோப்பாய்ப் பக்கம் ஒரு வளவு. அறையில் கணினி, 15 மீட்டர் தள்ளிக் கிணறு, கிணத்தடியில் ஒரு குதிரைவலு மோட்டர். தண்ணீர் மட்டம் கணினியில் தெரியவேண்டும், உவர் ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும், மோட்டரை அங்கிருந்தே போட்டு நிறுத்தவேண்டும். இதற்கு யூஎஸ்பியில் செருகக்கூடிய நாலு பலகைகளை இங்கே ஒப்பிடுகிறோம்: எம்சிபி2221ஏ, எஃப்டி232எச், ஃபர்மாட்டா (கணினி சொல்வதைப் பலகையில் செய்துகாட்டும் ஆயத்த நிரல்) ஏற்றிய ஆர்டுயினோ ஊனோ, ராஸ்பெரி பை பிக்கோ. விலையை மட்டும் பார்த்துத் தெரிவுசெய்தால் பிழையாகிவிடும். நேரத்தை யார் எண்ணுகிறார்கள் என்பதுதான் முதற் கேள்வி.

மட்டம் அளக்கப் பலரும் பாவிக்கிற எச்சி-எஸ்ஆர்04 மீயொலிச் சென்சர், ஒலி போய்த் திரும்பும் வரை எக்கோ என்ற பின்னின் (இணைப்பு முனையின்) வோல்ற்றை உயர்த்தி வைத்திருக்கும். ஒரு சென்ரிமீட்டருக்குச் சுமார் 58 மைக்றோசெக்கன். சாதாரண யூஎஸ்பி இணைப்பில் கணினி 1 மில்லிசெக்கனுக்கு ஒருக்காத்தான் எட்டிப் பார்க்கும். அதற்குள் 17 சென்ரிமீட்டர் கைதவறிப் போய்விடும். பைதனும் இயங்குதளமும் சேர்க்கிற தாமதம் வேறு. டிஎச்ரி22 வெப்ப ஈரப்பத சென்சரிலும் இதே கதைதான்: 0க்கு 26 முதல் 28 மைக்றோசெக்கன், 1க்கு 70. ஆகவே இந்த வகைச் சென்சர் இருந்தால், கேபிளின் மற்ற முனையில் நேரம் எண்ணத் தெரிந்த ஒரு சிப் இருந்தே ஆகவேண்டும். (58 என்பது மிதமான வெப்பநிலைக்கான கணக்கு. எங்கள் 32 பாகையில் 57ஆல் வகுங்கள். இல்லாவிட்டால் 3 மீட்டரில் 5 சென்ரிமீட்டர் பிழைக்கும்.)

எம்சிபி2221ஏயும் எஃப்டி232எச்சும் யூஎஸ்பியைச் சென்சரோடு இணைக்கும் வெறும் பாலங்கள். அவற்றில் நிரல் ஏற்ற ஒன்றுமில்லை, எல்லாம் கணினியின் பைதனிலேயே நடக்கும். ஐ2சி (இரண்டு வயரில் பேசும் முறை) சென்சர் மட்டும் போதுமென்றால் அது பெரிய நிம்மதி. எம்சிபியில் 4 பின்கள், அவற்றில் மூன்றில் 10 பிட் அனலொக் வாசிப்பு (வோல்ற் அளத்தல்), எஸ்பிஐ என்ற வேகமான இணைப்பு முறை இல்லை. லினக்ஸில் அதன் கேர்னல் டிரைவர் முந்திக்கொண்டு சாதனத்தைப் பிடித்து வைத்திருந்தால் இந்தப் பலகைகளைப் பைதனிலிருந்து இயக்கும் பிளிங்கா லைப்ரரிக்கு அது கிடைக்காது. அந்த டிரைவரை நீக்கவேண்டும். எஃப்டி232எச் வேகமானது, எஸ்பிஐ 30 மெகாஹேர்ட்ஸ் வரை போகும், ஆனால் அனலொக் உள்ளீடு ஒன்றுகூட இல்லை. விண்டோஸில் சாடிக் என்ற கருவியால் டிரைவர் மாற்றவேண்டும். ஐ2சிக்கு டி1, டி2 பின்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டாவிட்டால் ஒரு சென்சரும் பதில் சொல்லாது. எஸ்பிஐ திரைக்கோ பிளாஷ் சிப்புக்கோ அது நல்ல தெரிவு. கிணத்தடிக்கு அல்ல.

ஊனோவில் ஃபர்மாட்டா ஏற்றுவது ஐந்து நிமிட வேலை, ஆர்டுயினோ ஐடிஈ (நிரல் எழுதும் மென்பொருள்) உதாரணங்களிலேயே இருக்கிறது. தொல்லை பிறகுதான். சிஎச்340 என்ற யூஎஸ்பி சிப் உள்ள நகல் பலகையை உபுண்டு 22.04இல் செருகினால் சீரியல் போர்ட் தோன்றி உடனேயே மறையும்: பிரெயில் காட்சிக்கான பிஆர்எல்ரிரிவை என்ற மென்பொருள் அதைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்கிறது. அந்தப் பொதியை நீக்கினால் சரி. ஃபர்மாட்டாவோடு பேசும் பழைய பைதன் லைப்ரரியான பைஃபர்மாட்டா, பைதன் 3.11இல் ஓடாது, பைஃபர்மாட்டா2ஐப் பாவியுங்கள். எக்கோ நேரத்தை வழமையான ஃபர்மாட்டா எண்ணாது. அதற்கு ஃபர்மாட்டாவுக்குப் பதிலாக டெலிமெட்ரிக்ஸ் என்ற நிரல் வேண்டும்.

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. நிரல் போர்ட்டைத் திறந்ததும் ஊனோ மறுதொடக்கமாகும். ஃபர்மாட்டா தன் டிஜிட்டல் பின்களை வெளியீடாக்கித் தாழ்நிலையில் வைக்கும். கடையில் கிடைக்கிற றிலே (மின்னால் இயங்கும் சுவிட்ச்) மொடியூல் பெரும்பாலும் தாழ்நிலையில்தான் இயங்கும். அதாவது நிரலைத் திறக்கும்போதெல்லாம் நீங்கள் கேட்காமலே மோட்டர் ஓடும். உயர்நிலையில் இயங்கும் மொடியூலை வாங்குங்கள்.

உவர் பார்க்கும் டிடிஎஸ் (நீரில் கரைந்தவற்றின் அளவு) சென்சரில் இன்னொரு குழி. ஊனோ யூஎஸ்பியின் 5 வோல்ற்றையே அளவுகோலாக வைத்து வாசிக்கிறது. நீளமான கேபிளில் அது 4.75க்கு இறங்கினால், 2.00 வோல்ற், 0 முதல் 1023 வரையான அளவில் 431 என்று வரும். நிரல் அதை 2.10 என்று சொல்லும். தண்ணீர் மாறவில்லை, உவர் மட்டும் கூடிவிட்டது! எம்சிபியில் 2.048, 4.096 என்று உள்ளக அளவுகோல் உண்டு, அதை நிரலில் தெரிவுசெய்யவேண்டும்.

பிக்கோவைத்தான் நாங்கள் தெரிவுசெய்வோம். மைக்றோபைதன் (பலகையிலேயே ஓடும் சிறிய பைதன்), 26 பின்கள், மூன்று 12 பிட் அனலொக் உள்ளீடுகள். எக்கோவை அதுவே எண்ணி, கணினிக்கு இலக்கத்தை மட்டும் அனுப்பும். பின்கள் 3.3 வோல்ற்றுக்கு மேல் தாங்காது: எக்கோவிலிருந்து பின்னுக்கு 1 கிலோஓம், பின்னிலிருந்து தரைக்கு 2 கிலோஓம் போடுங்கள். பிக்கோவின் உண்மையான பலன் மோட்டரில்தான் தெரியும். கணினி செக்கனுக்கு ஒரு எழுத்து அனுப்பட்டும். 5 செக்கன் வராவிட்டால் பிக்கோவே றிலேயை விடுவிக்கட்டும். பிக்கோவே உறைந்துபோனால், நிரலில் இயக்கிவிட்ட அதன் வாட்ச்டோக் (காவல் கடிகாரம்) 8 செக்கனுக்குள் மறுதொடக்கம் செய்துவிடும். ஃபர்மாட்டாவிலும் பாலங்களிலும் கணினி தூங்கினால் றிலே கடைசி நிலையிலேயே நிற்கும். 

15 மீட்டருக்கு யூஎஸ்பி கேபிளை நீட்டாதீர்கள், 5 மீட்டரே எல்லை. ஐ2சி வயரை நீட்டுவது அதைவிட மோசம். கணினியில் யூஎஸ்பி-ஆர்எஸ்485 (நீள வயருக்கான தரவு இணைப்பு) மாற்றி, கிணத்தடியில் 3.3 வோல்ற்றில் இயங்கும் மாக்ஸ்3485 சிப்போடு பிக்கோ, நடுவே நெற்வேர்க் கேபிள்: இது 15 மீட்டர் என்ன, நூறு மீட்டரும் தாங்கும்.

10 அம்பியர் றிலேயை நேரே மோட்டருக்குக் கொடுத்தால், தொடக்க மின்னோட்டத்தில் அதன் முனைகள் ஒட்டிக்கொள்ளும். றிலே கொன்ராக்டரை (மோட்டருக்கான பெரிய றிலே) இயக்கட்டும், கொன்ராக்டர் மோட்டரை. மோட்டர் நிற்கிற கணத்தில் யூஎஸ்பி இணைப்பு அறுந்துபோய், கேர்னல் பதிவில் ஈஎம்ஐ (மின்காந்த இடையூறு) என்ற சொல் தெரிந்தால், கொன்ராக்டர் காயிலுக்குக் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்றோபரட் எக்ஸ்2 வகை (மெயின் மின்னுக்கான) கப்பாசிற்றரும் தொடராகப் போடுங்கள். 230 வோல்ற் பக்கத்தை மின்வேலை தெரிந்தவர் தொடட்டும்.

எந்தப் பலகையானாலும் மிதவை சுவிட்ச் ஒன்று வேண்டும், அதுவும் 5 வோல்ற் பக்கத்தில். றிலே மொடியூலின் ஜேடி-விசிசி (றிலே காயிலுக்கு மின் கொடுக்கும் பின்) ஜம்பரைக் கழற்றி, தனி 5 வோல்ற் அடப்ரரை மிதவை சுவிட்ச் வழியாக அந்தப் பின்னுக்குக் கொடுங்கள். தண்ணீர் இறங்கினால் காயிலுக்கு மின் போகாது. நிரல் என்ன சொன்னாலும் மோட்டர் நிற்கும்.